எந்தப் பட்டியலில் முதலிடம்? நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, உடன் வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் இசைத்தட்டு ரசிகர் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கி பற்றி மட்டும் நானும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் சொன்னால் பாதிப் பேர் காபி குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள்.

சென்ற பொதுக்குழு முடிவு செய்தபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் எல்லாம் ஒரே பொருளில் நடந்தன: அமெரிக்காவில் முதலிடம் பிடித்த கறுப்பினப் பாடகர்களின் பாடல்கள். பாடியவர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும், பாட்டு, பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை வாரந்தோறும் போடும் பட்டியலில் ஒரு வாரமாவது முதலிடத்தில் நின்றிருக்க வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் முதல் கூட்டத்திலேயே ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "எந்தப் பட்டியல்?" என்று கேட்டார். ஆண்டு முழுக்க அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பில்போர்டு 1942 அக்டோபரில் 'ஹார்லம் ஹிட் பரேட்' என்று ஒரு தனிப் பட்டியலைத் தொடங்கியது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதிக் கடைகளில் எந்தத் தட்டு அதிகம் விற்கிறது என்று விசாரித்துப் போட்ட பட்டியல் அது. 1945இல் அதற்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1949இல் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' ஆனது. அந்தப் பெயரைக் கொடுத்த ஜெர்ரி வெக்ஸ்லர் அப்போது பில்போர்டில் வேலை பார்த்தவர். பின்னாளில் அட்லாண்டிக் கம்பெனியில் அரீத்தா ஃப்ராங்க்ளினின் புகழ்பெற்ற தட்டுகளைத் தயாரித்தவரும் அவரேதான். அப்புறம் 'சோல்' என்றார்கள், 1982இல் 'பிளாக்' என்றார்கள். பெயர் எத்தனை முறை மாறினாலும், கறுப்பினத்தார் பாட்டு ஒரு பக்கம், 'பொது'ப் பாட்டு இன்னொரு பக்கம் என்ற ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

லூயி ஜோர்டன் கூட்டத்தில் இது நன்றாகப் புரிந்தது. அர்கன்சா மாநிலத்துக்காரர், சாக்ஸபோன் வாசித்துக்கொண்டே பாடுவார். அந்தத் தனிப் பட்டியலில் இவருடைய பாடல்கள் 18 முதலிடம் பிடித்திருக்கின்றன. 1946இல் வந்த 'சூ சூ ச்பூகி' மட்டும் 18 வாரம் உச்சியில் நின்றது. இத்தனை பெரிய ஆளை நம்மில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1944இல் இவருடைய 'இஸ் யூ இஸ் ஆர் இஸ் யூ ஏன்ட் மை பேபி', அப்போது 'ஃபோக்' என்று அழைக்கப்பட்ட கன்ட்ரி பாடல்களின், அதாவது வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டு என்று கருதப்பட்டவற்றின், ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் பாடும் பெட்டி) பட்டியலிலும் முதலிடத்துக்கு வந்தது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நாட் கிங் கோல் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அவர் குரல் வீட்டுக் குரல் மாதிரி. 'நேச்சர் பாய்' 1948இல், 'மோனாலிசா' 1950இல், இரண்டுமே பொதுப் பட்டியலில் முதலிடம். அப்படிப்பட்டவர் 1956இல் என்பிசி தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். நாடு முழுக்க விளம்பரம் செய்யும் ஒரு கம்பெனியும் அதற்குப் பணம் போட முன்வரவில்லை. ஓராண்டு தாண்டியதும் நிகழ்ச்சி நின்றது. அதே 1956இல், பிறந்த மாநிலமான அலபாமாவில், பர்மிங்ஹாம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே வெள்ளை இனவெறியர்கள் ஏறி அவரைத் தாக்கினார்கள். இதைச் சொன்ன பிறகு 'மோனாலிசா'வை இரண்டாம் முறை போடச் சொன்னார்கள். போட்டோம்.

அடுத்த கூட்டத்தில்தான் சண்டை. ஃபேட்ஸ் டாமினோ 1955இல் பாடிய 'ஏன்ட் தட் எ ஷேம்' ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடம். பொதுப் பட்டியலில் அது பத்தாவது இடம் வரைதான் போனது. அங்கே முதலிடத்தில் நின்றது அதே பாட்டுதான், ஆனால் பாடியவர் பாட் பூன் என்ற வெள்ளைக்கார இளைஞர். அந்தக் காலத்தில் இது வழக்கமாகவே நடந்தது. கறுப்பினப் பாடகர் ஒரு பாட்டை வெளியிட்டதும் இன்னொரு கம்பெனி வெள்ளைப் பாடகரை வைத்து உடனே பதிவு செய்யும். பெரிய வானொலி நிலையங்கள் பின்னதைத்தான் போடும். பாட்டை எழுதியவர்கள் என்ற முறையில் டாமினோவுக்கும் அவருடைய கூட்டாளி டேவ் பார்த்தலமியூவுக்கும் பூனின் விற்பனையிலிருந்தும் உரிமைத்தொகை வந்தது என்பது உண்மை. முதலிடம் வரவில்லையே! இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டோம். என் காதுக்கு பூனின் பதிவு சட்டை கசங்காமல் பாடியது போல இருக்கிறது. எதிர்க் கருத்துள்ள உறுப்பினர் ஒருவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் கருத்தையும் பதிவு செய்கிறேன். தனிப் பட்டியல் முதலிடமும் முதலிடமே என்று அன்று கைதூக்கி முடிவானது.

நடுவில் வந்த வினாடி வினாவில் யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று: எல்லாப் பாடல்களுக்கும் பொதுவான 'ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கியது, அதில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பாடகர் யார்? சக் பெர்ரி என்றார்கள், ரே சார்ல்ஸ் என்றார்கள். விடை டாமி எட்வர்ட்ஸ். பாட்டு 'இட்ஸ் ஆல் இன் த கேம்', 1958 செப்டம்பர் கடைசியில் உச்சிக்கு வந்து ஆறு வாரம் நின்றது. இதன் மெட்டைப் போட்டவர் சார்ல்ஸ் டாஸ் என்ற வங்கிக்காரர். பொழுதுபோக்காக 1911இல் எழுதிய மெட்டு. அவர் பிறகு அமெரிக்காவின் துணை ஜனாதிபதி ஆனார், 1925ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசிலும் பங்கு பெற்றார். பாட்டு வரிகள் 1951இல்தான் சேர்ந்தன. அந்த ஆண்டே எட்வர்ட்ஸ் அதைப் பாடினார், முதலிடம் வரவில்லை. ஏழு ஆண்டு கழித்து, தாளத்தைக் கொஞ்சம் ராக் பாணிக்கு மாற்றிப் பாடியதும் பிடித்துக்கொண்டது. இரண்டு பதிவுகளும் நம் நூலகத்தில் இருக்கின்றன. எடுத்துப் போய்க் கேளுங்கள், திருப்பித் தாருங்கள்.

ஆண்டின் சிறந்த கூட்டம் எது என்று கேட்டால் மோட்டவுன் கூட்டம் என்பேன். டெட்ராய்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, 1959இல் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனி அது. ஒரு சாதாரண வீட்டை வாங்கி அதையே ஸ்டுடியோவாக்கினார். வெள்ளிக்கிழமை காலையில் ஆட்களைக் கூட்டி, வந்த பாடல்களைப் போட்டுக்காட்டி, எதை வெளியிடலாம் என்று வாக்கெடுப்பு நடத்துவாராம். நம் செயற்குழுவும் வெள்ளிக்கிழமைதான் கூடுகிறது. விளைவு மட்டும் வேறு.

மோட்டவுனின் முதல் ஹாட் 100 முதலிடம் 1961 டிசம்பரில், மார்வலெட்ஸ் பாடிய 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்'. பாடியவர்கள் டெட்ராய்ட் பக்கத்து இங்க்ஸ்டர் ஊரின் பள்ளித் தோழிகள். டிரம்ஸ் அடித்தது மார்வின் கேய். அப்போது அவரைப் பாடகராக அவ்வளவாக யாருக்கும் தெரியாது. அப்புறம் சுப்ரீம்ஸ் என்ற பெண்கள் குழு வந்தது. 1964–65இல் வரிசையாக ஐந்து பாடல்கள் முதலிடம். அதில் முதலாவது 'வேர் டிட் அவர் லவ் கோ'. இதை முதலில் மார்வலெட்ஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள். பாட்டின் தொடக்கத்தில் கைத்தட்டல் மாதிரி கேட்பது கைத்தட்டல் இல்லை, பலகைமேல் காலால் மிதித்த சத்தம். இதைச் சொன்னதும் எல்லாரும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார்கள்.

இந்தப் பாடல்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள் ஒரே குழுவினர்தான். பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஒரே ஒரு விரலால் தந்தியை மீட்டியவர். நம் இளைய உறுப்பினர் ஒருவர் தன் கிட்டாரைக் கொண்டுவந்து அதைச் செய்துகாட்ட முயன்றார். விரல் சிவந்ததுதான் மிச்சம், ஆனாலும் கைத்தட்டு அன்று அவருக்குத்தான். 1971 வரை இந்த வாத்தியக்காரர்கள் பெயர் மோட்டவுன் தட்டு உறைகளில் அச்சாகவில்லை. முதலிடம் பிடித்தவர்கள் என்று நாம் கொண்டாடிய பெயர்களில் ஜேமர்சனையும் சேர்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து.

இந்தக் காலத்தில் பட்டியலுக்கே ஒரு விநோதம் நடந்தது. 1963 நவம்பர் கடைசியிலிருந்து 1965 ஜனவரி வரை பில்போர்டு தனிப் பட்டியலை நிறுத்திவிட்டது. மேரி வெல்ஸின் 'மை கை' 1964இல் ஹாட் 100இல் முதலிடம் வந்தபோது, பில்போர்டில் அதற்குத் தனிப் பட்டியல் இல்லை. அதே ஆண்டு மே மாதம் லூயி ஆம்ஸ்ட்ராங் 'ஹலோ, டாலி!' பாட்டோடு மேலே வந்தார். அதற்கு முன் 14 வாரம் பீட்டில்ஸின் மூன்று பாடல்களே அந்த இடத்தில் இருந்தன. ஆம்ஸ்ட்ராங்குக்கு அப்போது 62 வயது. ஹாட் 100இல் முதலிடம் பிடித்தவர்களில் மூத்தவர் என்ற பெருமை 2023 டிசம்பர் வரை அவரிடமே இருந்தது. நம் மூத்த உறுப்பினர்கள் இந்தத் தகவலை மிகவும் ரசித்தார்கள்.

டிசம்பர் கூட்டம் ஓட்டிஸ் ரெடிங்குக்கு. 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்து ஏரி ஒன்றில் விமானம் விழுந்து, 26 வயதில் இறந்தார். 'டாக் ஆஃப் த பே' பதிவை முடித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. அலைச் சத்தத்தையும் கடற்பறவைக் குரலையும் அவர் இறந்த பிறகு, பாட்டை அவரோடு சேர்ந்து எழுதிய ஸ்டீவ் கிராப்பர் சேர்த்தார். 1968 மார்ச்சில் முதலிடம். பாடகர் மறைவுக்குப் பின் ஹாட் 100 உச்சிக்கு வந்த முதல் பாட்டு இது. ரெடிங் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்'டை அரீத்தா 1967இல் பெண்ணின் குரலாக மாற்றி முதலிடத்துக்குக் கொண்டுபோன கதையும் அன்று பேசப்பட்டது. இந்தக் கூட்டத்துக்கு முந்தைய வாரம் நம் நூலகப் பொறுப்பாளராக நெடுங்காலம் இருந்த மூத்த உறுப்பினர் காலமானார். அன்னாருக்கு அன்றே அஞ்சலி செலுத்தினோம். அவருடைய தட்டுகளைக் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். சங்கம் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

எழுபதுகளையும் எண்பதுகளையும் வேகமாகக் கடந்தோம். பில் விதர்ஸ், குளோரியா கேனர், மைக்கேல் ஜாக்சன், விட்னி ஹூஸ்டன் என்று எல்லாருக்கும் மனப்பாடமான பாடல்கள், பேச்சைவிட ஆட்டம் அதிகம். கேனரின் 'ஐ வில் சர்வைவ்' முதலில் தட்டின் பின்பக்கத்தில்தான் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி முன்பக்கத்தில் வைத்த பாட்டை இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

1991 பற்றி நடந்த பேச்சு வறட்சியாக இருக்கும் என்று பயந்தேன், அப்படி இல்லை. அதுவரை கடைக்காரர்களிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் பட்டியல் போட்டார்கள். கடைக்காரர் எது நன்றாக விற்கிறது என்று நினைக்கிறாரோ அதுதான் கணக்கு. அந்த ஆண்டு மே மாதம் ஆல்பம் பட்டியலுக்கு பார்கோடு வழியாக உண்மை விற்பனையை எண்ணும் முறை வந்தது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடம்! வாங்கியவர்கள் முன்பே இருந்தார்கள், எண்ணியவர்கள்தான் இல்லை. 2003 அக்டோபரில் ஒரு வாரம் ஹாட் 100இன் முதல் பத்து இடமும் கறுப்பினக் கலைஞர்களுடையதாக இருந்தது.

நிறைவுக் கூட்டத்தை இளைய உறுப்பினர்கள் நடத்தினார்கள். லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின ராப் பாடகரின் 'ஓல்ட் டவுன் ரோட்' 2019இல் கன்ட்ரி பட்டியலில் நுழைந்தது. இது கன்ட்ரி இல்லை என்று பில்போர்டு நீக்கிவிட்டது. பாட்டோ ஹாட் 100இல் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. 2024 பிப்ரவரியில் பியான்சே 'டெக்சஸ் ஹோல்ட் எம்' மூலம் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். நம் சங்க ஆண்டு ஓடிக்கொண்டிருந்தபோதே ஷபூசி என்ற நைஜீரியப் பெற்றோரின் மகன் பாடிய 'எ பார் சாங்' கன்ட்ரி பட்டியலிலும் முதலிடம், ஹாட் 100இலும் அதே 19 வாரம். இதெல்லாம் புதுமை என்று இளைஞர்கள் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் "1944, லூயி ஜோர்டன்" என்றார். முதல் கூட்டத்தில் கேள்வி கேட்ட அதே உறுப்பினர்தான்.

இனி வீட்டு விஷயம். மாடிக் கூடத்தை இந்த ஆண்டும் வாடகை உயர்த்தாமல் கொடுத்த உரிமையாளருக்கு நன்றி. சத்தம் பற்றி அக்கம்பக்கத்தில் வந்த புகாரைத் தொடர்ந்து, இரவு ஒன்பதுக்கு மேல் ஒலியைக் குறைக்கிறோம். ஜேம்ஸ் பிரவுன் கூட்டத்தில் இது கடைப்பிடிக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியவர் துணைத் தலைவர். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் சரிசெய்யப்பட்டது. ரெக்கார்ட் பிளேயருக்குப் புது ஊசி வாங்க வேண்டும். தொகை பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது. புது உறுப்பினர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், அவர்களுக்கு அரைச் சந்தா வைக்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. முழுச் சந்தா கட்ட வேண்டியவர்களில் பாக்கி வைத்திருப்போர் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. அதில் முதலிடத்தில் இருப்பவர் யார் என்று இங்கே படிக்கப் போவதில்லை, கூட்டம் முடிவதற்குள் அவரே பொருளாளரைப் பார்த்துவிடுவார் என்று நம்புகிறேன்.

அடுத்த ஆண்டுக்கு ஜமைக்கா இசை, பிரேசில் இசை என்று இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. எதை எடுத்தாலும் எந்த நாட்டின், யார் போட்ட பட்டியல் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடும்படி செயற்குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்