நமக்குக் கிடைத்த ஒன்றரைப் பக்கம்

வில்லிவாக்கம், சென்னை - 49
அக்டோபர் 12

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆச்சு. முறுக்கு பாதி நொறுங்கித்தான் வந்தது, ருசிக்குக் குறைவில்லை. நீ எழுதியிருந்தபடி முடக்கத்தான் தோசையும் சுட்டுப் பார்த்தேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஆனால் தோசை நன்றாக இருந்தது.

பதில் போடாததற்குக் காரணம் பரீட்சை. அறுபத்தோரு வயசில் பரீட்சை என்று எழுத எனக்கே சிரிப்பு வருது. பேங்க்கில் ஊரார் கணக்கைப் பார்த்தே காலம் கழித்தவளுக்கு எம்.ஏ. இங்கிலீஷ் எதுக்கு என்று இவர் தினமும் கேட்கிறார். காலை டிபனை அவரே செய்துகொள்ள வேண்டியிருப்பதுதான் நிஜமான குறை.

இந்த செமஸ்டரில் பின்காலனிய இலக்கியம் என்று ஒரு பேப்பர். வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டுக்காரர்கள் அவன் பாஷையிலேயே எழுதின நாவல்கள். நைஜீரியா, கென்யா, கரீபியன் தீவுகள், நம்ம பக்கத்துக்கு ராஜா ராவ். கூடப் படிக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் திருவண்ணாமலை, அரியலூர்ப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவர்கள். நாவலைப் படிக்கிறவர்கள் கொஞ்சம்தான். நோட்ஸ் வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. ஹைபிரிடிட்டி, மிமிக்ரி, சபால்டர்ன், இந்த மூன்று கலைச்சொல்லையும் பக்கத்துக்கு ஒரு தடவை தூவினால் பாஸ். நானும் தூவியிருக்கிறேன், பொய் சொல்வானேன்.

ஆனால் நைஜீரிய எழுத்தாளர் சினுவ அச்செபெயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’டை மட்டும் நோட்ஸ் இல்லாமல் இரண்டு முறை படித்தேன். 1958-ல் வந்த புத்தகம். தமிழில் என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்று கொண்டுவந்திருக்கிறார், கிடைத்தால் விடாதே. இக்போ மக்களின் கிராமம். ஒக்கொங்குவோ என்று ஒரு முரட்டு ஆள். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கோலாக் கொட்டையை உடைத்துக் கொடுக்கிறார்கள், நம்ம வெற்றிலை பாக்கு மாதிரி. பழமொழி சொல்லாமல் ஒருத்தரும் பேச்சை ஆரம்பிப்பதில்லை. எங்க ஆச்சியைக் கொண்டுபோய் நடுவில் உட்கார வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அதில் ஓர் இடம். ஊர்ப் பஞ்சாயத்துக்கு முன்னோர்களே முகமூடி போட்டு வருகிறார்கள். மொத்தம் ஒன்பது பேர். இரண்டாவதாக வந்தவரின் நடை ஒக்கொங்குவோவின் நடை மாதிரியே இருக்கிறது. அவன் பெண்டாட்டிகள் கவனித்திருக்கலாம், கவனித்திருந்தாலும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்று அச்செபெ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார். எனக்கு அங்கேயே புத்தகத்தை மூட வேண்டியதாப் போச்சு. உங்க தபால்கார மாமா ஞாபகம் வந்துவிட்டது. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கச்சை கட்டி, சல்லடம் போட்டு, பந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஆடுவாரே. சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். சாமி வந்தாலும் சாமிக்கும் இடது கால்தான் இழுத்தது! அத்தை தலையைக் குனிந்து, “சாமி, எம்புள்ளைக்கு ஒரு வழி காட்டு” என்று திருநீறு வாங்கினாள். மறுநாள் காலையில் அதே ஆளை, “தண்ணி எடுத்துட்டு வர எம்புட்டு நேரம்?” என்று விரட்டிக்கொண்டிருந்தாள். நாம் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கா?

இதை வகுப்பில் சொன்னேன், தமிழில்தான். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தன் அவங்க ஊர் முனியப்பனைப் பற்றி ஆரம்பித்தான். அப்புறம் மணி அடித்துவிட்டது.

நாவலின் கடைசிப் பக்கம் வேறு மாதிரி. ஒக்கொங்குவோ தூக்கில் தொங்குகிறான். வந்து பார்க்கிற வெள்ளைக்கார கமிஷனர் தான் எழுதப்போகிற புத்தகத்தை நினைத்துக்கொள்கிறார். நைஜர் ஆற்றுப் பக்கத்துக் காட்டுமிராண்டிக் கூட்டங்களை அடக்கி வழிக்குக் கொண்டுவந்தது பற்றிய புத்தகம். இவனைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம் என்று முதலில் தோன்றுகிறது. அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று குறைத்துக்கொள்கிறார். இருபத்தைந்து அத்தியாயமாக நாம் கூடவே நடந்த மனுஷனுக்கு ஒரு பத்தி.

நமக்கும் அப்படி ஒருத்தர் எழுதி வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு ராத்திரிதான் பொறி தட்டியது. எட்கர் தர்ஸ்டன். எழும்பூர் மியூசியத்தின் மேலதிகாரியாக இருந்தவர். ஆட்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குறித்துக்கொண்டவர். கே. ரங்காச்சாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதி, 1909-ல். மறுநாளே எழும்பூர் மெட்ரோவில் இறங்கி கன்னிமாரா நூலகத்துக்கு நடந்தேன். அதுவும் அந்த மியூசியம் வளாகத்திலேயே இருப்பது பொருத்தம்தான். நம்ம ஆளுகளைத் தேடிப் பிடித்தேன். ஒன்றரைப் பக்கம், சரசு. தாலி எப்படி இருக்கும், செத்தால் புதைப்பார்களா எரிப்பார்களா, எந்தச் சாமிக்கு எதைப் பலி கொடுப்பார்கள் எல்லாம் இருக்கு. பெரிய தப்பு என்று சொல்ல முடியாது. சாமிக்கு ஏன் கால் இழுக்குது என்பது மட்டும் இல்லை. அதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

இதையெல்லாம் இன்டர்னல் பரீட்சையில் நாலு பக்கம் எழுதினேன். பாடத்துக்குப் புறம்பானது என்று சிவப்பு மையில் கோடு போட்டு வந்தது. இருபதுக்கு ஒன்பது. தூவ வேண்டியதைத் தூவியவளுக்குப் பதினாறு. ஒருநாள் முழுக்கக் கோபம். அப்புறம் திரும்பப் படித்துப் பார்த்தேன், கேட்ட கேள்விக்கு நான் பதிலே எழுதவில்லை என்பதும் வாஸ்தவம்தான்.

கென்யாவின் கூகி வா தியாங்கோவும் பாடத்தில் உண்டு. 1968-ல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டையே எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தவர். பின்னாடி ஜெயிலில் கழிப்பறைக் காகிதத்தில் தன் தாய்மொழி கிக்கூயுவில் நாவல் எழுதினார். நம்ம அமரந்தாவும் சிங்கராயரும் தமிழாக்கிய ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ அதுதான். இதைக் கேட்டுவிட்டு அரியலூர்ப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அவர் சொல்றது சரிதான் மேடம். ஆனா அதை இங்கிலீஷ்ல எழுதினாத்தானே எனக்கு மார்க்கு?” அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்ட் செய்யணும். ஒக்கொங்குவோவின் அந்தப் பெண்டாட்டிகளைப் பற்றித்தான் செய்யப்போகிறேன், மார்க் போனால் போகட்டும். அதுக்கு உன் உதவி வேணும். அத்தைக்கு இப்போ எண்பத்தேழு இருக்குமா? நல்ல நினைவோடு இருக்கிற நேரமாகப் பார்த்துக் கேளு. மாமா ஆடும்போது எதிரில் நின்றது யார் என்று நினைத்துக் கும்பிட்டாள், புருஷனையா சுடலையையா? எதுக்குக் கேட்கிறாய் என்று திட்டினால் அந்தத் திட்டையும் சேர்த்து எழுது. போனில் சொல்லாதே, அத்தை சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்பு.

அன்புடன்,
கோமதி

பி.கு.: அடுத்த தடவை முறுக்கை டப்பாவில் போட்டு அனுப்பு.