சிராங்கூன் சாலையில் ஒரு தடத்தை நடப்பவர்களுக்குக் கொடுங்கள்

சிங்கப்பூரின் போக்குவரத்தையும் நகரத் திட்டமிடலையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கத்திலிருந்து சிராங்கூன் சாலை வழியே வீரமாகாளியம்மன் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைகளின் முகப்பையொட்டிய ஐந்தடிப் பாதையில் ஒரு கடைக்கு ஒரு படி ஏறினால் அடுத்த கடைக்கு இறங்க வேண்டும். நடுவில் வெங்காய மூட்டைகள், பூச்சரம் நனைத்து வைத்த வாளிகள். வேறு வழியில்லாமல் சாலையோரம் இறங்கினேன். பின்னால் பஸ் வந்து நின்றது. அம்மா கைப்பிடியை விடவே இல்லை.

கடைக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த மூட்டைகளும் வாளிகளும் இருப்பதால்தான் அது தேக்கா. நிழலில் ஒதுங்கி நடக்கக் கட்டடங்களின் முகப்பில் கூரையுள்ள இந்த நடைவழி வேண்டும் என்று 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே, நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் விதித்தார். அன்றைய கூட்டத்துக்கு அது போதுமாக இருந்திருக்கும். இன்று ஞாயிறு மாலையில் ஊர்நினைவோடு வந்து கூடும் தொழிலாளத் தம்பிகளுக்கு அது எப்படிப் போதும்? மிதிவண்டியில் வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது விதி, ஆனால் அந்த நெரிசலில் வண்டியை உருட்டத்தான் முடியும். சாலையில் இறங்கினாலோ பஸ்ஸுக்கும் நிறுத்தியிருக்கும் லாரிக்கும் இடையே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

1989இல் லிட்டில் இந்தியா பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுப் பாதுகாப்புப் பகுதியானது. அதனால்தான் பழைய கடைவீடுகள் பிழைத்தன, அதற்கு நன்றி. அவற்றின் கீழே நடக்கும் மனிதர்களுக்கும் அதே அக்கறை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இது நடக்காத காரியமில்லை. பென்கூலன் ஸ்திரீட்டில் நான்கு தடங்களில் இரண்டை எடுத்து நடைக்கும் மிதிவண்டிக்கும் கொடுத்து 2017இல் திறந்தீர்கள். தைப்பூசத்தன்று இதே சிராங்கூன் சாலையில் காவடிகளுக்குத் தடம் ஒதுக்குகிறீர்கள், அன்றும் நகரம் இயங்குகிறது.

பஸ் தடத்தைத் தொட வேண்டாம், முதியவர்கள் அதை நம்பித்தான் வருகிறார்கள். கடைகளுக்குச் சரக்கு இறக்கக் காலை நேரத்தை ஒதுக்கிவிடலாம். இன்னொரு தடத்தை மட்டும் படியில்லாத சமதளமாக்கி நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் தாருங்கள். மரம் வையுங்கள், வண்டியைப் பூட்ட இடம் வையுங்கள். உடனே முடியாதென்றால் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தடுப்பு வைத்துப் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்களோடு கோயில்வரை நடந்து வாருங்கள். ஆறு மணிக்குத் தேக்கா சந்தை வாசலில் அம்மாவோடு காத்திருப்பேன்.