ஒரு மணி நேர வகுப்பு போதாது

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. துறைத் தலைவர் பொறுப்பு உனக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கூடவே, இனி உனக்குப் படிக்கவும் எழுதவும் எங்கே நேரம் இருக்கப்போகிறது என்ற கவலையும் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். நூலகத்தில் ஒரு மாடியை மாணவர்கள் கூடி உட்கார்ந்து பேசி வேலை செய்ய ஒதுக்கிவிட்டோம். சத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இத்தனை பேர் நூலகத்துக்குள் வந்து பார்த்து வெகுநாளாயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மாணவர்களின் அசைன்மென்ட்களில், உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள் எல்லாம் மேற்கோளாக வருகின்றன, உங்கள் நூலகரை அழைத்து ஒரு மணி நேர வகுப்பு வைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். ஆகாது. முதல் வாரத்தில் எல்லோரையும் ஒரு அரங்கில் உட்காரவைத்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் டேட்டாபேஸ்களின் பெயர்களை வரிசையாகத் திரையில் காட்டும் வகுப்புகள் எங்கும் நடக்கின்றன. எழுதுவதற்கு ஒன்றுமே இல்லாதவரிடம் தேடுவது எப்படி என்று சொன்னால் அது காதில் ஏறாது. அதே பிள்ளை செமஸ்டர் பாதியில், தலைப்பு கையில் இருக்க, கட்டுரை ஒன்றும் கிடைக்காமல் வந்து நிற்கும்போது பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது.

போன மாதம் ஒரு ஆய்வு மாணவி வந்தாள். ஒரு கட்டுரை வேண்டும், எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றாள். ஆசிரியர் பெயர், ஆய்விதழ், தொகுதி, பக்க எண், டிஓஐ (கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்) எல்லாம் கச்சிதமாக இருந்தன. இருவரும் சேர்ந்து அந்த ஆய்விதழின் தளத்துக்குப் போனோம். ஆய்விதழ் உண்மை. தொகுதியும் உண்மை. அந்தப் பக்கங்களில் இருந்ததோ வேறு யாரோ வேறு எதைப் பற்றியோ எழுதிய கட்டுரை. டிஓஐயைப் போட்டால் அது இன்னொரு இடத்துக்குப் போயிற்று. சாட்பாட் கொடுத்த பட்டியல் அது. அவள் முகம் வாடிவிட்டது. அப்புறம் அவளே மற்ற மேற்கோள்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். நான் சொல்லவே இல்லை. இதை அரங்கில் நூறு பேருக்கு நடுவில் கற்றுக்கொடுக்க முடியுமா, சொல்?

ஏஐ வந்துதான் எல்லாம் கெட்டது என்று எழுதியிருந்தாய். அதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஆபத்து பெரிது என்பது உண்மை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டும்படி ஆயிற்று. ஆனால் படிக்காமலே மேற்கோள் காட்டும் பழக்கம் அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. ஒரு பதிப்பகம், நூற்பட்டியல் எப்படி அமைய வேண்டும் என்று காட்ட, தன் வழிகாட்டிக் குறிப்பில் ஒரு மாதிரிக் கட்டுரையின் பெயரைப் போட்டிருந்தது. அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே கிடையாது. ஆனாலும் அது நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலில் ஏறிவிட்டது. 2017இல் ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் இதைப் பற்றி எழுதினார்.

பசலைக்கீரைக் கதை உனக்கும் தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால்தான் அதில் இரும்புச்சத்து பத்து மடங்கு இருப்பதாக உலகம் நம்பியது என்பார்கள். ஆராய்ச்சியில் கவனம் வேண்டும் என்பதற்கு உதாரணமாகவே இதை வகுப்பில் சொல்வார்கள். ஆனால் அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை. 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, எந்த ஆதாரமும் காட்டாமல் அதைச் சொன்னது. பின்னால் வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். ஓலே பியோர்ன் ரெக்டால் என்ற நார்வே ஆய்வாளர் 2014இல் இந்தச் சங்கிலியை விரிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். என் வகுப்புகளில் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான். கதையைச் சொல்லிவிட்டு, மூலத்தைக் கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவேன். ஒருவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து வேறொருவர் என்று பின்னோக்கிப் போய், கடைசியில் ஒன்றுமே இல்லாத இடத்தில் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் பேச்சைக் கேட்கவே எனக்கு ஆசையாக இருக்கும்.

தளங்களை எடைபோடுவதற்கு நாம் கொடுத்துவந்த டிக் போடும் பட்டியல்களை நான் கைவிட்டுவிட்டேன். யார் எழுதினார்கள், எப்போது புதுப்பித்தார்கள், வடிவமைப்பு எப்படி என்று பக்கத்துக்குள்ளேயே தேடவைக்கும் பட்டியல்கள் அவை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ என்ற ஆய்வாளர்கள் வரலாற்றறிஞர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் மூன்று தரப்பினரும் இணையத்தில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்து 2017இல் எழுதினார்கள். படித்த வரலாற்றறிஞர்களே பளபளப்பான லோகோவையும் பெயரையும் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே வேறு டேப்களைத் திறந்து, மற்றவர்கள் இந்த அமைப்பைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். அதைத்தான் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன்.

தேடல் விஷயத்தில் பிள்ளைகள் தடுக்குவது சொற்களில்தான். முழு வாக்கியத்தையும் பெட்டியில் போடுகிறார்கள். தலைப்பை இரண்டு மூன்று கருத்துகளாக உடைக்கச் சொல், ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் சொற்களை எழுதச் சொல். மாரடைப்பு பற்றித் தேடுகிறவருக்கு, மருத்துவ டேட்டாபேஸ் அதை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற தலைப்பில் வைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? தேடும் சொற்களைச் சேர்க்கவும் விலக்கவும் நடுவில் போடும் ஆண்ட், ஆர், நாட் எல்லாம் அதற்கப்புறம் தானாகவே புரிந்துவிடும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அது யாரை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் காட்டியிருக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் போகலாம். யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கத் தகவலியல் அறிஞர் 1955இல், எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று காட்டும் மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று எழுதியது இதற்காகத்தான். இன்று கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடலான கூகுள் ஸ்காலரில் ‘சைட்டட் பை’ என்ற இணைப்பில் அது ஒரு கிளிக்கில் கிடைக்கிறது, ஆனால் அந்த இணைப்பைத் தொட்டே பார்க்காமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர்!

அதனால் உங்கள் நூலகரை ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிடாதே. அசைன்மென்ட் தலைப்பை முடிவு செய்யும்போதே அவரைக் கூட உட்காரவை. தலைப்பு கொடுத்த வாரத்தில் ஒரு வகுப்பு, முதல் வரைவு வருவதற்குமுன் ஒன்று, நடுவில் யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம் என்று ஒரு நேரம். மாணவர்கள் என்ன சொல் போட்டுத் தேடினார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்று ஒரு தேடல் குறிப்பும் சேர்த்துத் தரட்டும். அதற்கு மதிப்பெண் இல்லையென்றால் யாரும் எழுத மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். உன் துறையில் அந்த அளவுக்கு விதியை மாற்ற உனக்கு இடம் கொடுப்பார்களா? தலைப்புகளை எனக்கு அனுப்பு. அவற்றில் எதற்கெல்லாம் உங்கள் நூலகத்துச் சந்தாக்களிலேயே போதுமான கட்டுரைகள் கிடைக்கும், எதைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி