நவதுறவிலிருந்து திரும்புவது தப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் நவதுறவியாக, அதாவது துறவற வாழ்வுக்கான பயிற்சிக் காலத்தில், இருந்த என் தங்கை, ஒன்பதாவது மாதத்தில் வீடு திரும்பினாள். வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன தப்பு பண்ணினாள், ஏன் அனுப்பிவிட்டார்கள்?" யாரும் அனுப்பவில்லை, அவளாகத்தான் வந்தாள், அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி நவதுறவு குறைந்தது 12 மாதம், அதிகபட்சம் 2 வருடம். சந்தேகம் இருந்தால் மேலும் 6 மாதம் வரை நீட்டலாம். 17 வயது நிறையாதவரைச் சேர்க்கவே முடியாது. இந்தக் காலத்தில் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடுகளை, அதாவது துறவற உறுதிமொழிகளை, நவதுறவிகள் இன்னும் கொடுத்திருப்பதில்லை. சபை அவர்களைப் பார்க்கிறது, அவர்கள் சபையைப் பார்க்கிறார்கள், இந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்று நிதானமாக யோசிக்கத்தான் அந்த மாதங்களே. எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இன்னமும் அவள் விடியுமுன் எழுந்து, விளக்குப் போடாமல், ஓரம் மடங்கிப்போன அந்த ஜெபப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். விசுவாசத்தை விட்டுவிட்டு வந்தவள் செய்கிற காரியமா இது?

பங்குத்தந்தையர்களே, சபைக்குப் போகும்போது பீடத்தின் முன் நிறுத்தி வாழ்த்துகிறீர்கள், சரி. திரும்பி வந்தவளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பாடகர் குழுவில் அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள், அவள் நன்றாகப் பாடுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி