கூரை ஒழுக்கிலிருந்து கும்பாபிஷேகம் வரை: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, ஒழுங்கைக்குள் இருக்கும் நம் பிள்ளையார் கோயிலின் திருப்பணி நிறைவேறிவிட்டது. கும்பாபிஷேகம் ஆனியில் நடந்தது, மண்டலாபிஷேகமும் முடிந்தது. வரவு செலவுக் கணக்கு, கணக்காய்வாளர் கையொப்பத்தோடு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பிரதி வேண்டியவர்கள் அலுவலக அறையில் கேட்டு வாங்கலாம். ஆகவே எண்களை இங்கே மறுபடி எழுதவில்லை. என்ன செய்தோம், எங்கே இழுபட்டோம், எதில் ஒருவருக்கொருவர் முகம் திருப்பிக்கொண்டோம் என்பதை எழுதுகிறோம்.

வேலை கூரையில் தொடங்கியது. மகாமண்டபத்துக் கூரை ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும். ஏன் ஒழுகியது என்பதுதான் பலருக்குத் தெரியாது. கடற்காற்றில் இருக்கும் உப்பு மெல்ல மெல்லக் கொங்கிரீட்டுக்குள் இறங்கும். அது கம்பியைத் தொட்டதும் துரு ஆரம்பிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது வீங்க வீங்க, சுற்றியுள்ள கொங்கிரீட் வெடித்துச் செதில் செதிலாகக் கழன்று விழும். மேலே சீமெந்தைப் பூசி வர்ணமும் அடித்தால் ஒன்றிரண்டு மழைக்குத் தாங்கும், அவ்வளவுதான். இம்முறை பழுதான பகுதியை வெட்டி எடுத்து, கம்பியைச் சுரண்டித் துப்புரவாக்கி, மெலிந்துபோன இடங்களில் புதுக்கம்பி கட்டி, கம்பிக்கு மேலே கொங்கிரீட்டின் தடிப்பையும் கூட்டினோம். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. கண்ணுக்குத் தெரியாத வேலை. "இந்தக் காசுக்கு ஒரு கோபுரம் எழுப்பியிருக்கலாமே" என்று கேட்டவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில்: எழுப்பியிருக்கலாம், ஒழுகுகிற கூரைக்குப் பக்கத்தில்.

பாலஸ்தாபனம், அதாவது திருப்பணி முடியும்வரை மூர்த்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்வது, 2022 இன் தொடக்கத்தில் நடந்தது. அந்த வருடம் நாடு எப்படிக் கிடந்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூட்டை மூவாயிரத்தை எட்டியது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. டீசல் இல்லாமல் மணல் லொறி வரவில்லை. முதலில் பொறுப்பெடுத்த ஒப்பந்தகாரர் முற்பணத்தோடு நாட்டைவிட்டே போய்விட்டார். அதில் ஒரு பகுதியை அவருடைய உறவினர்கள் திருப்பித் தந்தார்கள்; மீதியைக் கணக்கில் நட்டமாகக் காட்டியிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த பணம்தான் அப்போது கைகொடுத்தது. ரூபா விழுந்ததால் அங்கிருந்து வந்த அதே பவுணும் டொலரும் இங்கே கூடுதலாக நின்றன. உள்ளூரில் மாதச் சம்பளத்திலிருந்து தந்தவர்களின் பணம் அதே வேகத்தில் கரைந்தது. இரண்டையும் ஒரே நிரலில் எழுதுவது எங்களுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆக, சில மாதங்களில் முடிய வேண்டிய பாலஸ்தாபனம் வருடக்கணக்கில் நீண்டது. மூலஸ்தான மூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கு மாற்றி, பக்கத்து அறையில் வைத்து நித்திய பூசை நடந்தது. தகரக் கூரை, ஒரு காற்றாடி. திருவிழா இல்லை. கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தோம், கூடியது. "பிள்ளையாரும் எங்களைப்போல வாடகை அறைக்கு வந்திட்டார்" என்று ஓர் ஆச்சி சொன்னார். 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளிநொச்சி, வவுனியா என்று அலைந்து, கடைசியில் கொழும்பில் மகளின் தொடர்மாடி வீட்டில் வந்து சேர்ந்தவர். அத்தனை வருடமாக இந்த ஒழுங்கையில் இருந்தும், வெள்ளிக்கிழமையில் ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுப் போவதோடு சரி. நேர்த்தி, பொங்கல், காணிக்கை எல்லாம் ஊர்க் கோயிலுக்கு. அந்த அறைக்கு முன்னால்தான் அவர் முதன்முதலாகப் பாய் விரித்து உட்கார்ந்து பூ கட்டத் தொடங்கினார்.

அவர் மட்டுமல்ல, நம் அங்கத்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கோயில் என்றால் அது வேறெங்கோ இருப்பது. யாழ்ப்பாணத்தாருக்கு ஊரில், மட்டக்களப்பாருக்குத் தாய்வழிக் குடிகளின் உரிமைமுறையோடு, மலையகத்தாருக்குத் தோட்டத்து மாரியம்மன். இது "கொழும்புக் கோயில்", அதாவது போகிற வழியில் கும்பிடுவது. ஒரு கூட்டத்தில் இதையே ஒருவர் வாதமாக வைத்தார்: இங்கே யாரும் நிரந்தரமில்லை, எதற்கு இவ்வளவு செலவு என்று. நியாயமான கேள்வி. ஆனால் கொழும்பில் நம் கோயில்களை எழுப்பியவர்கள் யார்? செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்கள் தமிழ்நாட்டிலிருந்து வணிகத்துக்கு வந்த நகரத்தாருடையவை. அங்கிருந்து புறப்பட்டுக் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வருகிற ஆடிவேல் திருவிழாவும் அவர்கள் கொண்டுவந்ததே. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசருக்குக் கோயில் அமைத்த பொன்னம்பல முதலியார் மானிப்பாயைச் சேர்ந்தவர். அவர் மகன் இராமநாதன் 1907 இல் தொடங்கி 1912 இல் அதைக் கருங்கல்லில் புதுப்பித்து முடித்தார். வந்தவர்கள் கட்டியவைதான் இவை. நிரந்தரமாக இருக்கப்போகிறோமா என்று அவர்கள் முதலில் முடிவுசெய்துவிட்டுக் கல் வைத்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது தீர்த்தம். இதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் புண்ணிய தீர்த்தங்கள் சேர்ப்பது வழக்கம். ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரிலிருந்து கொண்டுவரலாம் என்று அறிவித்தோம். யாழ்ப்பாணத்துக் கீரிமலை வந்தது. மட்டக்களப்பு மாமாங்கம் வந்தது. திருகோணமலைக் கன்னியாவின் வெந்நீர் ஆறிப்போய் வந்தது. கதிர்காமத்து மாணிக்க கங்கை இரண்டு பேரிடமிருந்து வந்தது. திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்தை ஒரு தம்பி சோடாப் போத்தலில் கொண்டுவந்து திட்டு வாங்கினார். (சம்பந்தரும் சுந்தரரும் இங்கே வராமலே, இராமேஸ்வரத்தில் நின்று கேதீச்சரத்தைப் பாடினார்கள் என்பது மரபு. தூரத்து ஊர்க் கோயிலை நினைத்துக்கொண்டே இருக்கும் நம்மவர்களுக்கு அது நல்ல துணை.)

அப்போது ஒரு பிள்ளை கேட்டாள், கொழும்பிலேயே பிறந்தவள்: "அப்ப எங்கட ஊர்த் தண்ணி எது?" அவளுக்கு ஊர் வெள்ளவத்தைதான். சிலர் சிரித்தார்கள். குழாய்த் தண்ணியா பிடித்து ஊற்றுவது என்றார் ஒரு மூத்த அங்கத்தவர். அதற்குப் பதில் சொன்னவர், மஸ்கெலியாவிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமாகிவிட்ட ஓர் அண்ணன். கொழும்புக் குழாயில் வருவதில் பெரும்பகுதி களனி கங்கை, அம்பத்தலையில் சுத்திகரித்து அனுப்புவது. களனியின் தலை எங்கே? மலையகத்தில் ஊறி வருகிற மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. "நாங்க சின்னதில குளிச்ச தண்ணிதான் இங்க வருது" என்றார். அதுவரை அவர் கூட்டத்தில் பேசிக் கேட்டவர்கள் குறைவு. குருக்கள் ஐயா ஒன்றும் விவாதிக்கவில்லை. களனிக்கும் ஒரு கும்பம் வைத்துவிடுங்கள் என்றார். அம்பத்தலைக்கு மேலே ஆற்றங்கரையில் போய் எடுத்து வந்தார்கள், அந்தப் பிள்ளையும் அந்த அண்ணனும் அவருடைய ஓட்டோவில்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மடப்பள்ளிக்குப் புதுத் தரை, வடிகான் திருத்தம், தூபிக்கு வர்ணம், வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பாதை. மூர்த்தியைப் பீடத்தில் பதிக்கும் அட்டபந்தனத்துக்குக் கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் முறைப்படி இடித்துச் சேர்க்கப்பட்டன. எருமை வெண்ணெய் தேடியதுதான் பெரும்பாடு. கட்டட வேலையை நடத்திய மேசன் பாஸ் சிங்களவர். ஒவ்வொரு புது வேலையையும் கண தெய்யோவுக்கு (சிங்களத்தில் நம் பிள்ளையார்) தேங்காய் உடைத்துத்தான் தொடங்குவார், நாங்கள் மறந்தாலும்.

எண்ணெய்க்காப்பு நாளன்று வரிசை காலி வீதி வரை போனது. வழமையில் மூலஸ்தானத்துக்குள் யாரும் காலெடுத்து வைக்க முடியாது. அந்த ஒரு நாள்தான் அடியார்கள் எல்லோரும் உள்ளே போய்த் தங்கள் கையாலேயே சுவாமிக்கு எண்ணெய் சாத்தலாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிடைப்பது. அங்கத்தவரா, எந்த ஊர், எந்தக் குடி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று தொண்டர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பாஸும் தன் ஆட்களோடு வரிசையில் நின்றார். வெளியே வந்தவர்களில் பலர் கை கழுவாமலே வீட்டுக்குப் போனார்கள்.

மார்கழியைப் பற்றியும் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன்பே சங்கும் சேமக்கலமுமாக ஊர் சுற்றுவார்கள். தோட்டங்களில் மார்கழி முழுக்க லயம் லயமாகப் பஜனை போகும். இரண்டு பக்கத்தாருக்கும் இது தங்கள் வழக்கம் மட்டும்தான் என்ற நினைப்பு. பாலஸ்தாபன காலத்தில் ஒரு மார்கழியில் இரண்டையும் சேர்த்துவிட்டோம்: சேமக்கலம் யாழ்ப்பாணத்தாரது, பாட்டு தோட்டத்தாரது. ஒலிபெருக்கி இல்லை, ஒழுங்கைக்குள் மட்டும். சுருதியைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

உபயம், அதாவது ஒரு திருவிழா நாளின் செலவைப் பொறுப்பேற்பது, பற்றிச் சபை எடுத்த முடிவு எல்லோருக்கும் பிடிக்கவில்லை என்பது தெரியும். ஆவணிச் சதுர்த்தியோடு முடியும் பத்து நாள் அலங்கார உற்சவத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கு என்று எழுதி வைத்ததுபோல் நடந்து வந்தது. புதிதாக வந்தவருக்கு அதில் இடமே இல்லை. யாராவது நாட்டைவிட்டுப் போனால்தான் ஒரு நாள் காலியாகும். இனி ஐந்து நாட்கள் பழைய உபயகாரருக்கு, ஐந்து நாட்கள் வருடாவருடம் குலுக்கலுக்கு. அதேபோல் சுவரிலோ தூணிலோ யார் பெயரும் பொறிப்பதில்லை. பெயர்கள் திருப்பணிப் புத்தகத்தில் இருக்கும். இதனால் ஒரு பெரிய நன்கொடை கைநழுவியது. பரவாயில்லை என்பதே சபையின் பெரும்பான்மை அபிப்பிராயம். அது எட்டுக்கு ஏழு என்ற பெரும்பான்மை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக முறைப்பாட்டுப் பெட்டி. அது முன்பும் வாசலில்தான் இருந்தது. திறந்தால் பஸ் டிக்கெட்டும் மிட்டாய்க் கடதாசியும் வரும். வந்து கும்பிட்டுப் போகிறவர் எதற்குக் குறை சொல்லப்போகிறார்? கும்பாபிஷேகத்துக்குப் பின் அது இரண்டு தடவை நிரம்பிவிட்டது. செயலாளர் என்ற முறையில் எனக்கு இந்தத் திருப்பணியில் அதிகம் பிடித்த விளைவு இதுதான். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்:

மோதகத்துக்குள் வறுத்த பயறா, வெறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையுமா என்ற பிரச்சினையில் சபை தலையிடாது, உபயகாரர் விருப்பம். பஞ்சபுராணம் பாடத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு காலையில் வகுப்பு வைக்கலாம், சொல்லித்தர முன்வருபவர்கள் பெயர் தரவும். மாலைப் பூசையை வேலை முடிந்து வருபவர்களுக்காக அரை மணி நேரம் பிந்தி வைப்பது பற்றிக் குருக்கள் ஐயாவோடு பேசி வருகிறோம். மடப்பள்ளிப் புகைபோக்கி உண்மையிலேயே சரியில்லை. பக்கத்துத் தொடர்மாடிக்காரரும் சொல்லிவிட்டார், அடுத்த மாதம் திருத்தப்படும். செருப்பு வைக்கும் தட்டு போதவில்லை என்று எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை. அவர் தச்சு வேலை தெரிந்தவர் என்று கையெழுத்திலேயே ஊகித்துவிட்டோம். பலகை வாங்கி வைத்திருக்கிறோம், வரும் சனிக்கிழமை வரவும்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபைக்காக,
செயலாளர்