ஹீரோ பொயின்ட்டை விதிப்படி கொடுங்கள்: எங்கள் ஜீ.எம்.மாருக்கு ஒரு திறந்த மடல்

ஆட்டத்தை நடத்துகிற அன்புள்ள ஜீ.எம். அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். போன போயா லீவன்று ஹட்டனில், பகடை போட்டுக் கதை நடத்துகிற நம் பாத்ஃபைண்டர் மேசையில் ஒரு தங்கச்சியின் கெரக்டர் செத்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு "இதெல்லாம் விளையாட்டுதானே, விடுங்கப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள் பாருங்கள், அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளையாட்டுதான். விளையாட்டு என்பதால்தான் விதி வேண்டும் என்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று, பகடையைத் திரும்பப் போடவும் சாவிலிருந்து தப்பவும் உதவுகிற அந்தப் பொயின்ட்டைப் பற்றித்தான். ஹீரோ பொயின்ட்டை விதிப்படி கொடுங்கள்.

மஸ்கெலியாப் பக்கமிருந்து வருகிற தங்கச்சியைப் பற்றித்தான் சொல்கிறேன். தோட்டத்து ரோட்டில் நடந்து மஸ்கெலியா டவுனுக்கு வந்து, அங்கிருந்து நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு பஸ் பிடிக்க வேண்டும். போயா நாளில் அந்தப் பக்கம் பஸ் எப்படி ஓடும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு மழை வேறு. அவள் நனைந்துகொண்டு டியூஷன் வகுப்பு மாடிப்படி ஏறி வந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது, எல்லார் முன்னாலும் ஹீரோ பொயின்ட்டுக்கு அடையாளமாக ஒரு போத்தல் மூடி இருந்தது, அவள் முன்னால் இல்லை. கேட்டதற்கு "தொடங்கும்போது இருந்தவங்களுக்குத்தான்" என்று பதில் வந்தது. எந்தப் பக்கத்தில் இருக்கிறது அந்த விதி? பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் செஷன் தொடக்கத்தில் ஒரு பொயின்ட், அவ்வளவுதான். பஸ் பிந்தினால் வெட்டு என்று எங்கேயும் இல்லை. புத்தகம் வாங்க வசதியில்லை என்ற சாக்கும் செல்லாது, ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் விதி முழுவதும் இலவசமாகக் கிடக்கிறது, போனில் டேட்டா இருந்தால் போதும்.

சரி, ஒரு போத்தல் மூடிதானே என்கிறீர்கள். அந்த மூடி என்ன செய்திருக்கும் என்று பார்ப்போம். கடைசிச் சண்டையில், விழுந்து கிடந்த ஆளை எழுப்ப அவளுடைய கிளெரிக், அதாவது காயம் ஆற்றுகிற கெரக்டர், ஓகர் அரக்கனுக்கு முன்னால் போய் நின்றாள். கிரிட்டிகல் அடி. அதனால் நேரே டையிங் 2, இந்தக் கணக்கு 4 ஆனால் சாவு. தப்புவதற்குப் போடுகிற ரிகவரி செக் பகடையில் 12 வேண்டும், 5 விழுந்தது, டையிங் 3. அடுத்த முறை 13 வேண்டும், 9 விழுந்தது. டையிங் 4, கதை முடிந்தது. கையில் ஒரே ஒரு ஹீரோ பொயின்ட் இருந்திருந்தாலும் அதைச் செலவழித்து டையிங் முழுவதையும் போக்கியிருக்கலாம், வூண்டட் என்ற காயக் கணக்குக்கூட ஏறியிருக்காது, ஹிட் பொயின்ட் பூஜ்ஜியத்தில் மயங்கிக் கிடந்திருப்பாள், ஆனால் உயிரோடு இருந்திருப்பாள். முதலாம் லெவலிலிருந்து அவள் வளர்த்த கெரக்டர் அது.

அவள் எழுப்பப் போன ஆளிடம் அந்த நேரத்தில் இரண்டு மூடி சும்மா கிடந்தது. மூன்றாவதை அவர் ஏற்கெனவே செலவழித்திருந்தார், எதற்கு என்றால் சத்திரக்காரனிடம் பேரம் பேசப் போட்ட பகடை சரியில்லை என்று ரீரோல் பண்ண. மூன்றுக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் ஆள் செலவாளியாகிவிட்டார் போலிருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை, கொடுத்ததை வாங்கினார். சாதாரண விதியில் தன்னுடைய பொயின்ட்டை இன்னொருவருக்காக அவர் செலவழிக்கவும் முடியாது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 பதிப்பில் என்றால் இன்ஸ்பிரேஷன் என்ற இதே மாதிரி சலுகையைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கலாம், நம் ஆட்டத்தில் அந்த வழியும் இல்லை. அப்படியென்றால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டாமா?

விதிப்புத்தகம் சொல்கிற கணக்கு உங்களுக்குத் தெரியும். தொடக்கத்தில் தருவது தவிர, முதல் மணி நேரம் போக, பிறகு மணிக்கு ஏறக்குறைய ஒன்று. நாலு மணி நேர ஆட்டத்தில் மேசை முழுவதற்கும் சேர்த்து மூன்றே மூன்று. ஆளுக்கு மூன்று இல்லை, எல்லாருக்குமாக மூன்று. நம் மேசையில் ஐந்து பேர். அந்த மூன்றும் தன்னலம் பார்க்காத, துணிச்சலான, வழக்கத்தை மீறிய காரியங்களுக்காக என்று எழுதியிருக்கிறது. அடிபட்டவனைக் காப்பாற்ற ஓகர் முன்னால் போய் நிற்பது இதில் எந்த வகையிலும் சேராதா? ஆனால் இங்கிலீஷில் குள்ளன் குரல் போட்டு ஒரு ஜோக் அடித்தால் சேரும். சிரித்தீர்கள், மூடியைத் தள்ளினீர்கள். இரண்டாவது ஜோக்குக்கும் தள்ளினீர்கள். அந்தத் தங்கச்சி தமிழில் மெதுவாகப் பேசுவாள், குரல் மாற்றத் தெரியாது, ஆனால் யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது ஹீல் பண்ண வேண்டும் என்று மேசையில் இருக்கிற எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கோபிக்காதீர்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாட்சம்பளம், போடுகிற ஊர்க்காரர்கள் நாம். ஈரத்துக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு என்று அங்கே நடக்கிற அநியாயத்தை நம் வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள், நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை கத்த வேண்டியிருந்தது. ஆனாலும் கொழுந்து மடுவத்தில் ஒரு தராசாவது தொங்குகிறது. உங்கள் மேசையில் அதுவும் இல்லை. மனதுக்குப் பிடித்தால் முழுப் பேர், பிடிக்காவிட்டால் வெறுங்கை. விளையாடவாவது கங்காணி இல்லாத இடம் ஒன்று கிடைத்தது என்று நினைத்துத்தானே இத்தனை பேர் மலையேறி இறங்கி வருகிறோம்!

ஜீ.எம். விருப்பத்துக்கு விடுவதுதான் இந்த வகை ஆட்டத்தின் அழகு என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். எல்லா ஆட்டத்திலும் அப்படி இல்லையே. 1986 இல் வந்த வார்ஹாமர் ஃபேன்டசி ரோல்பிளே ஆட்டத்தில் ஃபேட் பொயின்ட் கெரக்டர் உருவாகும்போதே கைக்கு வந்துவிடும், சாவிலிருந்து தப்ப அது ஆட்டக்காரருடைய சொத்து. சவேஜ் வேர்ல்ட்ஸில் இதே மாதிரி பென்னி என்று செஷனுக்கு மூன்று எல்லார் கையிலும். ஃபேட் என்ற பெயரிலேயே இருக்கிற இன்னொரு ஆட்டத்தில் உங்கள் கெரக்டருடைய பலவீனத்தை ஜீ.எம். கிளறி, அந்தச் சிக்கலை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பொயின்ட் தந்தே ஆக வேண்டும், சிரிப்பு வந்ததா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. பாத்ஃபைண்டர் உங்கள் கையில் கொஞ்சம் அதிகாரம் தந்தது உண்மைதான். அதை ஒரே பக்கமாகத் தள்ளச் சொல்லித் தரவில்லை. இன்னொன்று, யூடியூபில் ஆட்டம் நடத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து நீங்கள் மேசையில் ஆட்டக்காரரைத் தேடுவதை விட்டுவிட்டு நடிகரைத் தேடத் தொடங்கிவிட்டீர்கள், அப்புறம் "தோட்டத்துப் பிள்ளைகள் வந்தால் வாயே திறப்பதில்லை" என்று நீங்களே குறைபட்டுக்கொள்கிறீர்கள். திறந்து என்ன கிடைத்தது?

சரி, கடுமையாகப் போய்விட்டது. நீங்கள் சம்பளம் வாங்காமல், உங்கள் லீவு நாளைச் செலவழித்து, பிளேன்டீயும் உங்கள் காசில் வாங்கிக் கொடுத்து நடத்துகிறீர்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த நன்றியோடுதான் மரியாதையாகக் கேட்கிறேன். வருகிறவர் எந்த பஸ்ஸில் எப்போது வந்தாலும் அவருடைய முதல் மூடி அவர் உட்காரும் இடத்தில் முன்கூட்டியே இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, இந்த மணிக்கான மூடி யாருக்கு, எதற்காக என்று சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள், அப்படிச் சொல்ல வேண்டி வந்தால் மூன்றும் ஒரே ஆளிடம் போகாது. கடைசி பஸ்ஸுக்காக முன்கூட்டியே எழும்புகிறவரை முதல் மணிகளிலேயே கவனியுங்கள், செஷன் முடிந்தால் பொயின்ட் காலாவதி, அடுத்த மாதத்துக்கு எடுத்துப் போக முடியாது.

செத்த கிளெரிக்கை எழுப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை, அதை அவளும் கேட்கவில்லை. புது கெரக்டர் எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த போயாவுக்கு வருவதா வேண்டாமா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆகவே ஹீரோ பொயின்ட்டை இனி விதிப்படி கொடுப்பீர்களா மாட்டீர்களா என்பதைப் போயாவுக்கு முன்னால் எல்லாரும் பார்க்கிற மாதிரி குழுவிலேயே எழுதுங்கள். எனக்குத் தனியாக வொய்ஸ் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மேசையின் ஓரத்தில் உட்காரும் ஃபைட்டர்