ஞாயிறு மதியத்துக்கு எந்த பப்?

அன்புள்ள கண்ணம்மா,

ஆபீஸ் நண்பர்களோடு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதில் பெரிய வாக்குவாதமே நடந்ததாக எழுதியிருந்தாய். பாதிப் பேர் காஸ்ட்ரோபப், அதாவது நல்ல சமையலுக்குப் பேர்போன பப், என்கிறார்கள், மீதிப் பேர் அது பப் வேஷம் போட்ட ரெஸ்டாரன்ட் என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

1989-ல் பெரிய பீர் ஆலைகள் எத்தனை பப்களைத் தங்கள் பிடியில் வைத்திருக்கலாம் என்பதற்குப் பிரிட்டன் அரசு வரம்பு கட்டியது. ஆலைகள் நிறைய பப்களைக் கைமாற்றிவிட்டன. ரெஸ்டாரன்ட் திறக்கப் பணமில்லாத சமையல்காரர்களுக்கு அதனால் வழி கிடைத்தது. 1991-ல் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் டேவிட் ஐரும் மைக்கேல் பெல்பனும் தொடங்கிய 'தி ஈகிள்' அப்படி வந்ததுதான். பாருக்குப் பின்னாலேயே அடுப்பு, கரும்பலகையில் அன்றைய சமையல், மேஜைவிரிப்பு கிடையாது. இருபது வருஷத்தில் மார்லோவில் உள்ள 'தி ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' என்ற பப் உணவகங்களுக்கான பெரிய கௌரவமான மிஷலின் நட்சத்திரம் இரண்டை வாங்குமளவுக்கு இந்த வகை வளர்ந்தது. அதே 2011-ல், 'தி குட் ஃபுட் கைடு' என்ற உணவக வழிகாட்டிப் புத்தகம் காஸ்ட்ரோபப் என்ற வகையையே தன் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது. எல்லா ஊரிலும் ஒரே மெனு, ஒரே அலங்காரம் என்று அலுத்துப்போயிருந்தது.

விலை கூடிவிட்டது என்ற புகாரை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பீர் மட்டும் விற்றுப் பல பப்கள் இன்று பிழைக்க முடியாது, சாப்பாடுதான் வாடகை கட்டுகிறது. ஆனால் தெருக்காரர் ஒருவர் ஒரு பைன்ட் (பெரிய கிளாஸ்) பீர் குடிக்க வந்தால் உட்கார இடமில்லை, எல்லா மேஜையிலும் 'ரிசர்வ்டு' அட்டை என்றால், அது ரெஸ்டாரன்ட்தான் என்று உன் நண்பர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆகவே புக் செய்வதற்கு முன் போன் போட்டு, "சாப்பிடாமல் குடிக்க மட்டும் வருகிறவர்களுக்கு இடம் உண்டா?" என்று கேள். அடுத்து மெனுவைப் பார். தேதி போட்டு, ஆறேழு முக்கிய உணவுகள் மட்டும் இருந்தால் நம்பலாம். இருபத்தைந்து வகை என்றால் பாதி ஃப்ரீசரிலிருந்து மைக்ரோவேவுக்குப் போகிறது.

ஞாயிறு ரோஸ்ட்டுக்கு, அதாவது ஓவனில் சுட்ட இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சாப்பாட்டுக்கு, 12 முதல் 1 மணிக்குள் மேஜை எடு. நேரத்தில்தான் ருசி அடங்கியிருக்கிறது. ரோஸ்ட்டோடு தரும் உப்பிய ரொட்டி போன்ற யார்க்‌ஷர் புடிங்குக்கு முட்டை, பால், மைதா மூன்றையும் கொள்ளளவில் சமமாக அடித்து, 220 டிகிரி ஓவனில் புகையக் காய்ந்த கொழுப்பில் ஊற்றுவார்கள். சுமார் இருபது நிமிஷம் கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் அமுங்கிவிடும். கூட்டத்துக்குப் பயந்து காலையிலேயே செய்து வைத்துச் சூடாக்கும் கிச்சன்களில் அது தோல் போல இழுபடும். இறைச்சியும் அப்படித்தான். முன்கூட்டியே அரிந்து, சூடு ஆறாமலிருக்க விளக்கின் கீழ் வைத்தால் மூன்று மணிக்குச் சாம்பல் நிறத்தில், காய்ந்துபோய் வரும். அதை மறைக்கக் கிரேவியைக் கொட்டித் தருவார்கள். கிரேவி தனி ஜாடியில் வருவது நல்ல அடையாளம். மாவு ஓட்டுக்குள் குழம்பு வைத்துச் சுடும் 'பை' (pie) சொல்வதானால் மாவு அடியிலும் பக்கத்திலும் உண்டா என்று கேள். கிண்ணத்துக் குழம்பின் மேல் பஃப் மாவு மூடி ஒன்றை வைத்துப் பை விலை வாங்கும் இடங்கள் ஏராளம்.

உன் கூட்டத்தில் சைவக்காரர் இருந்தால், மாட்டிறைச்சி தொடாதவர் இருந்தால், புக் செய்யும்போதே பேசிவிடு. உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் சிப்ஸும் பல இடங்களில் மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோதான் வேகின்றன, யார்க்‌ஷர் புடிங்கும் அப்படியே. சைவத் தட்டில் நட் ரோஸ்ட் (கொட்டைப் பருப்புகளை அரைத்துச் சுட்டது) வைத்து அதன் மேல் இறைச்சிக் கிரேவியை ஊற்றிவிடுகிறவர்களும் உண்டு. கை பம்பில் இழுக்கும் காஸ்க் ஏல் என்ற பீப்பாய் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதும் வழக்கம். அந்த ஏல் பாதாள அறையின் 11 முதல் 13 டிகிரியில்தான் வரும். ஜில்லென்று இல்லையே, கெட்டுவிட்டதென்று திருப்பி அனுப்பாதே. புளித்த வினிகர் வாடை அடித்தால் மட்டும் தயங்காமல் மாற்றித் தரச் சொல்.

பாரில் ஆர்டர் செய்யும் இடமானால் முதலில் மேஜை எண்ணைப் பார்த்துக்கொள், எல்லாருக்கும் சேர்த்து ஒருவரே போய்ச் சொல்லுங்கள். கையை ஆட்டிக் கூப்பிடாதே, யார் முதலில் வந்தார் என்று பார் ஊழியர்களுக்கே தெரியும். ஒயின் 125, 175, 250 மில்லி அளவுகளில் கிடைக்கும். அளவைச் சொல்லாவிட்டால் பெரியது வந்துவிடலாம், அது பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கூச்சப்படாதே.

பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்கலாம். 'விருப்பத்தின்பேரில்' என்று அச்சிட்டிருந்தால் எடுக்கச் சொல்லும் உரிமை உனக்குண்டு. ஆனால் நன்றாகக் கவனித்தார்கள் என்றால் கொடுத்துவிடு. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதையும் ஊழியர்களுக்கே தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பாரில் நீயே போய் வாங்கிவந்தால் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை.

இரண்டு மூன்று இடங்களின் மெனுவை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். இந்த வாரமே புக் செய்துவிடு. கிச்சன் பல இடங்களில் நாலு மணிக்கே மூடிவிடும், பார் மட்டும்தான் திறந்திருக்கும்.

அன்புடன்,
அம்மா